சம்பந்தம் பேசிய வீட்டில் ஒரு சிறைப்பட்ட இளவரசி

என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தது நான் இல்லை. அவளே பார்த்துக்கொண்டாள். அவள் பார்த்த மாப்பிள்ளையின் அப்பாவை, ஊற்றி வைத்த தேநீரைக்கூடக் குடிக்க விடாமல் எழுப்பி அனுப்பியது மட்டும்தான் என் பங்கு. இதை எழுத உட்கார்ந்தால் இப்போதும் காதுமடல் சூடாகிறது.

நான் மெல்பர்னில் ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பிக்கிறேன். என் துறை எது என்று கேட்பவர்கள், நான் சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டு வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். அரபுப் படைகள் ஈரானை வென்று அந்த நாடு இஸ்லாத்துக்கு வந்தபின், அடுத்த சில நூற்றாண்டுகளில் பாரசீக மொழியில் வரலாறு எழுதியவர்களைப் பற்றியது என் ஆய்வு. அவர்கள் நடந்ததை எழுதினார்கள். யாருக்கு ஆள உரிமை உண்டு என்பதையும் அதற்குள் வைத்தே எழுதினார்கள். அரசவையில் சம்பளம் வாங்குகிறவன் வேறு எதை எழுதுவான்?

அவர்களுக்கு ஒரு பெரிய சங்கடம் இருந்தது. ஈரானுக்கு இரண்டு பழமைகள். ஆதம் தொடங்கி நபிமார்கள் வழியாக வருகிற வரலாறு ஒன்று. இஸ்லாத்துக்கு முந்திய பாரசீகப் பேரரசர்களின் வரலாறு இன்னொன்று. ஒன்றைக் கொண்டாடினால் மற்றது கோபித்துக்கொள்ளும். ஆகவே இரண்டையும் ஒரே பாயில் உட்கார வைத்தார்கள். முதல் பாரசீக அரசன் ஆதமின் வழிவந்தவன் என்று ஒருவர் எழுதினார். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று இன்னொருவர் எழுதினார். அடிமையாக விலைக்கு வாங்கப்பட்ட துருக்கியப் படைவீரனின் மகன் அரியணை ஏறிவிட்டால், கொஞ்ச காலத்தில் அவனுக்குப் பழைய பேரரசர்களோடு ஒரு கொடிவழி முளைத்துவிடும். பாக்தாதில் இருந்த கலீஃபாவிடமிருந்து ஒரு பட்டமும் வந்து சேரும். பாட்டன் பாரசீகம், பட்டம் இஸ்லாம் என்று ஆட்சிக்கு இரண்டு கால் கிடைத்துவிடும்.

இந்த வரலாற்றாசிரியர்களை வகுப்பில் நான் கொஞ்சம் அதிகமாகவே கிண்டல் செய்வேன். மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பு வந்தால் எனக்கு இன்னும் உற்சாகம் வரும். வாப்பாவுக்கு மட்டும் என் ஆய்வில் ஒருபோதும் சமாதானம் வந்ததில்லை. "பொய்யா வம்சம் எழுதுனவங்களப் பத்தி எழுதுறதுக்கு ஒரு டாக்டர் பட்டமா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, அவரும் உம்மாவும் குடியிருக்கும் புறநகரான கிரான்பர்னின் தொழுகைக் கூடத்தில் எல்லோரிடமும் "எம் பொண்ணு டாக்டர், ஊசி போடாத டாக்டர்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

நாங்கள் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்க்காரர்கள். நான் பள்ளி முடித்த பிறகு வந்தவள். தங்கை தொட்டிலை விட்டு இறங்கியதும் இங்கே வந்தவள். அவள் தமிழ் பேசினால் பாதி ஆங்கிலம். அக்காவான என்னை 'லாத்தா' என்று கூப்பிடுவதை மட்டும் விடவில்லை. மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறாள். அதே மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்க்கும் ஈரானியப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று ஒரு நோன்பு மாலையில், கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். உம்மா முதலில் கேட்டது, "அவங்க சோறு திங்குவாங்களா?" என்றுதான். திங்குவார்கள், நம்மைவிட நன்றாகத் திங்குவார்கள் என்று தெரிந்ததும் உம்மாவின் பக்கம் முடிந்துவிட்டது.

வாப்பாவின் பக்கமும் ஏறக்குறைய முடிந்துதான் இருந்தது. நிக்காஹ் எங்கள் முறைப்படி காலையில் வீட்டிலேயே நடக்கும், மதியம் மண்டபத்தில் அவர்கள் முறைப்படி சடங்கு என்று பேசியாகிவிட்டது. அவர்கள் சடங்கில் தரையில் ஒரு பெரிய துணியை விரிப்பார்கள். அதன் தலைமாட்டில் கண்ணாடியும் இரண்டு விளக்குகளும். முன்னால் ரொட்டி, தேன், வாதுமை, வண்ணம் பூசிய முட்டைகள், கற்கண்டு. மணமக்கள் அந்தத் துணியின் முன்னால் உட்காருவார்கள். துணியின் நடுவே ஒரு புத்தகம் இருக்கும். அந்தப் புத்தகத்தில்தான் வந்தது வினை.

பெரும்பாலான வீடுகளில் அங்கே திருமறையை வைப்பார்கள். வாப்பா அதை யூடியூபில் பார்த்துத் தெரிந்துகொண்டு மிகவும் மகிழ்ந்து போயிருந்தார். மாப்பிள்ளை வீட்டில் வழக்கம் வேறு. அவர்கள் அந்த இடத்தில், பழைய பாரசீக அரசர்களின் கதைகளைப் பாடும் பெருங்காவியம் ஒன்றை வைப்பார்களாம். மாப்பிள்ளையின் அப்பா, வேதம் இருக்கிற துணியின் முன்னால் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வாப்பா, வேதம் இல்லாத துணியின் முன்னால் தன் மகள் உட்கார்ந்தால் அந்த மண்டபத்துக்கே வரமாட்டேன் என்றார். இரண்டு பேருமே கத்துகிற ஆட்கள் கிடையாது. மெதுவாகச் சொன்னார்கள் என்பதுதான் பயமாக இருந்தது.

தங்கைக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அந்த நாளில் இரண்டு அப்பாக்களும் ஒரே அறையில் இருக்க வேண்டும்.

"நீ பேசு" என்றார் வாப்பா என்னிடம். "அவங்க சரித்திரம் பூரா உனக்குத்தானே தெரியும். நீ சொன்னா அந்த மனுஷன் கேப்பாரு." தங்கை சோபாவில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றுதான் அர்த்தம் என்று நானே எடுத்துக்கொண்டேன். எனக்கு உள்ளுக்குள் குதூகலம். என் படிப்பு எங்கள் வீட்டில் ஒருவருக்குப் பயன்படப் போவது அதுவே முதல் தடவை.

ஒரு ஜனவரிச் சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். வெளியே அனல் காற்று. வீட்டு ஏசி, பெரிய கூட்டத்தைப் பார்த்த புது மருமகள் போல முனகிக்கொண்டே ஓடியது. மாப்பிள்ளையின் அப்பா அந்த வெயிலிலும் கோட்டு போட்டிருந்தார். ஈரானில் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்தவர். இஸ்லாமியப் புரட்சிக்குப் பிறகு வேலை போய், நாடு விட்டு, இங்கே வந்து டொன்காஸ்டரில் பல வருடங்கள் மற்றவர்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். கையில் பிஸ்தா இனிப்புப் பெட்டியும் வெள்ளைப் பூக்களும். மாப்பிள்ளையின் அம்மா உம்மாவை இழுத்து அணைத்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். உம்மா மூன்றாவது முத்தமும் உண்டோ என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டே நின்றது.

நான் பாரசீகத்தில் நலம் விசாரித்தேன். மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். என் பாரசீகம் முழுக்கப் பழைய வரலாற்று நூல்களில் படித்தது. ஒருவர் கிரான்பர்ன் வீட்டுக்கு வந்து கல்வெட்டுத் தமிழில் "தேநீர் அருந்தியருள்க" என்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்திருக்கிறது. அவனுடைய அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கையை நெஞ்சில் வைத்து, "எவ்வளவு அழகான மொழி, டாக்டர்" என்றார். அந்தப் பாராட்டு நேரே என் தலைக்கு ஏறியது.

பேச்சு ஆங்கிலத்துக்கு மாறியது. உம்மா ரவையும் முட்டையும் போட்டுச் சுட்ட தம்மடையை வெட்டி வைத்தது. தேநீர் வந்தது. சுற்றி வளைக்காமல் வாப்பாவே ஆரம்பித்தார்.

"எனக்கு வேறு எந்த நிபந்தனையும் இல்லை. துணியில் எங்கள் வேதம் இருந்தால் போதும்."

"நான் மதத்துக்கு எதிரி இல்லை" என்றார் அவர். "என் அம்மா தொழுகைப் பாயில்தான் கண்ணை மூடினார். ஆனால் என்னைப் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பியவர், அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அனுப்பினார்."

"புத்தகம் என்ன செய்தது? தப்பு அந்தக் கையில்தானே?"

"உண்மை. ஆனால் புத்தகத்தைப் பார்த்தால் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது."

வாப்பா தரையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பாவும் தரையைப் பார்த்தார். இப்போது யோசித்தால், அவர்கள் இரண்டு பேரும் அங்கேயே கொஞ்ச நேரம் அப்படி உட்கார்ந்திருந்தால் தாங்களே ஏதாவது வழி கண்டுபிடித்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. வாப்பா ஏற்கெனவே தம்மடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

"ஈரானும் இஸ்லாமும் ஏற்கெனவே சம்பந்தி ஆனவர்கள்தானே, அங்கிள்" என்று ஆரம்பித்தேன்.

பாரசீகத்தின் கடைசிப் பேரரசருக்கு ஒரு மகள் இருந்தாள் என்று சொன்னேன். போரில் நாடு வீழ்ந்தபோது அவள் சிறைப்பட்டு மதீனாவுக்குக் கொண்டுவரப்பட்டாள். அங்கே நபிகள் நாயகத்தின் பேரருக்கே அவள் மனைவியானாள். அவர்கள் பிள்ளையின் வழியாகப் பாரசீக அரச இரத்தமும் நபிகளின் இரத்தமும் ஒன்று கலந்துவிட்டன. அப்படியிருக்க, ஒரே துணியில் இரண்டு புத்தகங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என்ன தப்பு? உங்கள் முன்னோர்களே செய்துவைத்த சமாதானம் அல்லவா அது? கைகளை விரித்து, குரலை ஏற்றி இறக்கி, வகுப்பில் பேசுவதைவிட நன்றாகவே பேசினேன்.

இந்தக் கதையைப் பற்றி என் ஆய்வேட்டில் ஒரு முழு இயலே இருக்கிறது. வென்றவர்களின் நம்பிக்கையையும் தோற்றவர்களின் பெருமையையும் ஒட்டுவதற்கு இந்தக் கதை எவ்வளவு வசதியாக இருந்தது என்பதுதான் அந்த இயல். இப்படி ஒரு இளவரசி இருந்தாளா என்பதே சந்தேகம் என்றுதான் ஒவ்வொரு வருடமும் மாணவர்களிடம் சொல்வேன். அதே வாய்தான் அன்று கிரான்பர்னில் பேசியது.

மாப்பிள்ளையின் அப்பா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார்.

"டாக்டர், இது உண்மையில் நடந்தது என்று நீங்கள் நம்புகிறீர்களா?"

அந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். மகள் ஜெயித்துவிட்டாள் என்ற வெளிச்சம் அதில் வந்திருந்தது.

"ஆமாம், அங்கிள்" என்றேன்.

அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பார்வையில் ஒரு வாத்தியாரின் ஏமாற்றம்தான் இருந்தது. "என் பள்ளிக்கு ஒரு அதிகாரி வந்தார்" என்றார். "இந்தக் கதையை வகுப்பில் சொல்லுங்கள், சந்தோஷமாகச் சொல்லுங்கள், நாமே விரும்பிப் பெண் கொடுத்த மாதிரி சொல்லுங்கள் என்றார். நான் முடியாது என்றேன். சிறைப்பிடித்துக் கொண்டுபோன பெண்ணைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை போனது அதற்காகத்தான். இதே கதையை ஒரு சம்பந்தம் பேசும் வீட்டில், அதுவும் உங்கள் வாயால் கேட்பேன் என்று நினைக்கவில்லை."

எழுந்தார். உம்மாவிடம் தம்மடை மிக ருசி என்றார், ஒரு துண்டும் எடுக்காமலேயே. நெஞ்சில் கை வைத்து எல்லோரிடமும் தனித்தனியாக விடைபெற்றார். என்னிடமும். கார் தெரு முனையில் திரும்புகிற வரை நாங்கள் வாசலில் நின்றோம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் தான் மட்டும்தான் கெடும். நான் என் தங்கையையும் சேர்த்துக் கெடுத்திருந்தேன்.

"கைதியா வந்த பொண்ணப் பத்தியா சம்பந்தம் பேசுற எடத்துல பேசுவாங்க?" என்றார் வாப்பா உள்ளே வந்ததும். "நீ சொன்னப்போ எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அவர் சொன்னதுக்கு அப்புறம்தான் உறைக்குது. நாளைக்கு நம்ம பொண்ணப் பத்தி ஒருத்தன் இப்படிக் கதை சொன்னா நாம உக்காந்து டீ குடிப்போமா?"

"எழுதுனவன் ஏட்டக் கெடுத்தான், படிச்சவன் பாட்டக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க" என்று உம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டே சமையலறைக்குள் போனது. உம்மா என்னைத் திட்டும்போது முகத்தைப் பார்க்காது. அன்று ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

தங்கைதான் என்னை ஸ்டேஷனில் விடக் காரை எடுத்தாள். புது வீடுகளின் வரிசை முடிந்து, இன்னும் வீடு கட்டாத மனைகளைத் தாண்டினோம். நானாகவே, "சாரிடி" என்றேன்.

"லாத்தா, அந்தப் பொண்ணு பேரு என்ன?"

"எந்தப் பொண்ணு?"

"உன் பிரின்சஸ்."

"அது... ஒவ்வொரு புத்தகத்துல ஒவ்வொரு பேர் இருக்கு. ஒருத்தர் எழுதுனத இன்னொருத்தர் எழுதல. சரியான பேர் யாருக்கும் தெரியாது."

"சீரியஸா? அவளை வெச்சு ஒரு கன்ட்ரியையும் ஒரு ரிலிஜனையும் ஒட்ட வெச்சாங்க. பேர் தெரியாதா?" சிவப்பு விளக்கில் நின்றது கார். "அவளுக்குச் சம்மதமான்னு யாராவது கேட்டாங்களா?"

"அவளே தேர்ந்தெடுத்தான்னு சில பேர் எழுதியிருக்காங்க."

"எழுதுவாங்க. கேட்டிருக்க மாட்டாங்க." பச்சை விழுந்தது. அவள் காரை எடுக்கவில்லை. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். "துணில எந்த புக் வெக்கணும்னு என்னை யாராவது கேட்டீங்களா? வாப்பா கேக்கல. அவனோட டாடி கேக்கல. நீயும் கேக்கல. என் கல்யாணம், லாத்தா."

"நீ அன்னைக்கு ஒண்ணும் சொல்லலையே. சரின்னுதான் நெனச்சேன்."

"சொல்லலன்னா சரின்னு அர்த்தமா?"

மௌனம் சம்மதம் என்று எங்களுக்குச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். எங்கள் ஊர் நிக்காஹில் பெண் உள்ளறையில் இருப்பாள். சம்மதமா என்று கேட்கும்போது அவள் தலையைக் குனிந்து பேசாமல் இருந்தாலே போதும், சம்மதம் என்று வெளியே போய்ச் சொல்லிவிடுவார்கள். அதைக் குறை சொல்லிக் கட்டுரை எழுதியவள் நான். ஸ்டேஷன் வந்தது. கதவைத் திறந்து இறங்கினேன். அவள் 'பை' சொல்லாமல் போனாள். நான் இருக்கும் கிளேட்டன் வரை ரயிலில் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டு வந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று தெரியும். இருந்தும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். "நீ ஒண்ணும் பண்ணாத. கல்யாணம் முடியிற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது" என்று பதில் வந்தது. வாயை மூடிய முகப் பொம்மை ஒன்றும் சேர்த்து அனுப்பியிருந்தாள். அது கோபமா விளையாட்டா என்று எனக்குத் தெரியவில்லை. நானூறு பக்க ஆய்வேடு எழுதியவள், ஒரு மஞ்சள் பொம்மைக்கு அர்த்தம் தேடி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

அவளே போனாள். முதலில் டொன்காஸ்டரில் மாப்பிள்ளையின் அப்பாவிடம், பிறகு வாப்பாவிடம். இரண்டு இடத்திலும் ஒரே பேச்சுதான். "துணியில எந்தப் புத்தகமும் இல்ல. கண்ணாடியும் விளக்கும் மட்டும். உங்க புத்தகத்த நீங்க உங்க மடியில வெச்சுக்கோங்க. அவர் புத்தகத்த அவர் மடியில வெச்சுக்கட்டும். ரெண்டு பேரும் வந்து என் ரெண்டு பக்கத்துல உக்காரணும். எனக்கு வேண்டியது இதுதான்."

வாப்பா பத்து நிமிடம் முறைத்துக்கொண்டிருந்தாராம். பிறகு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றாராம். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் வாப்பா" என்றாளாம். உம்மாதான் இதைப் போனில் சொன்னது. சொல்லும்போது உம்மாவின் குரலில் எனக்குக் கொஞ்சம் மன்னிப்பும் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா என்ன சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கல்யாண நாளில் காலை நிக்காஹ் முடிந்து மதியம் மண்டபத்துக்குப் போனோம். துணி விரித்திருந்தார்கள். கண்ணாடி, விளக்குகள், தேன், வண்ண முட்டைகள், உம்மா கட்டாயப்படுத்தி வைத்த ஒரு தட்டுத் தம்மடை. மணமக்கள் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் வாப்பா, பச்சைப் பட்டுத் துணியில் சுற்றிய திருமறையை மடியில் வைத்துக்கொண்டு. இன்னொரு பக்கம் மாப்பிள்ளையின் அப்பா, முதுகு கிழிந்து ஒட்டிய கனமான காவியத்தை மடியில் வைத்துக்கொண்டு. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரோரம், வாய் திறக்கக் கூடாத இடத்தில் நின்றேன்.

சடங்கை நடத்திய பெண்மணி மணமகளிடம் சம்மதமா என்று கேட்டார். தங்கை பேசவில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

வாப்பாவுக்கு இது தெரிந்த கணக்கு. பெண் பேசவில்லை, ஆகவே சம்மதம். "அல்ஹம்துலில்லாஹ்!" என்று மண்டபம் அதிரச் சொல்லிவிட்டு எழுந்து, சம்பந்தியைக் கட்டிப்பிடிக்கக் கை நீட்டினார்.

அதே நேரம் அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே குரலில், மணமகள் பூப்பறிக்கப் போயிருக்கிறாள் என்று பாரசீகத்தில் கூவினார்கள். அது அவர்கள் வழக்கம். மூன்று முறை கேட்பார்கள். முதல் முறை பெண் பேச மாட்டாள், பூப்பறிக்கப் போயிருக்கிறாள். இரண்டாம் முறையும் பேச மாட்டாள், பன்னீர் கொண்டுவரப் போயிருக்கிறாள். மூன்றாம் முறைதான் பதில் வரும். தங்கைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வாப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றாததற்குக் காரணம், அந்த வழக்கமே எனக்குத் தெரியாது. என் ஈரான் எண்ணூறு வருடங்களுக்கு முன்னாலேயே நின்றுபோன ஈரான். அங்கே அரசர்கள் மட்டும்தான் கல்யாணம் செய்துகொள்வார்கள்.

மண்டபம் சிரித்தது. வாப்பா மடியிலிருந்த வேதத்தை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்து, மறுகையை நீட்டியபடி, நடுவில் தனியாக நின்றார். அவர் முகம் வெளிறிப்போவதைப் பார்த்தேன். ஓடிப்போய் அவரை மறைத்து நிற்க வேண்டும் போல இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். ஏதோ இதுதான் சடங்கு, இப்போதுதான் எழ வேண்டும் என்பது போல நிதானமாக எழுந்து, தன் கனமான காவியத்தைக் கக்கத்தில் இடுக்கப் பார்த்து, முடியாமல் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு வந்து, வாப்பாவைக் கட்டிக்கொண்டார். இரண்டு புத்தகங்களும் அவர்கள் நெஞ்சுகளுக்கு நடுவில் நசுங்கின. சிரிப்பு கைதட்டலாக மாறியது. நான் எவ்வளவோ பேசி ஒரே துணியில் வைக்க முடியாதவை அவை.

இரண்டாவது முறை கேட்டார்கள். பன்னீர் கொண்டுவரப் போயிருக்கிறாள் என்று பெண்கள் கூவியபோது வாப்பாவும் சேர்ந்து தலையாட்டினார். மூன்றாவது முறை தங்கை நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். பெற்றோர், பெரியோர் அனுமதியோடு என்று தொடங்கிச் சொல்வது அங்கே வழக்கமாம். இவள் அதைச் சொல்லவில்லை. "எனக்குச் சம்மதம்" என்று தமிழில் சொன்னாள். தமிழ் தெரியாதவர்களுக்கும் அது புரிந்துவிட்டது.

சாப்பாட்டு வரிசையில் மாப்பிள்ளையின் அப்பா என் பின்னால் வந்து நின்றார். நான் தட்டைப் பிடித்தபடி, "அங்கிள், அன்று நான் சொன்னது பொய். எனக்கே நம்பிக்கை இல்லாததை நம்புகிறேன் என்று சொன்னேன்" என்றேன். வாய் திறக்கக் கூடாது என்ற தடை அப்போது நீங்கியிருந்ததாக நானே முடிவு செய்துகொண்டேன்.

"தெரியும்" என்றார். "உங்கள் கட்டுரையைப் பிறகு தேடிப் படித்தேன். நன்றாக இருந்தது. அதை எழுதியவர் மட்டும் அன்று அந்த வீட்டில் இல்லை." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத் தட்டில் எதை வைத்தேன் என்று தெரியவில்லை. "இன்று நடந்ததையாவது எழுதுங்கள், டாக்டர். ஆனால் முதலில் என் மருமகளைக் கேளுங்கள்."

கேட்க எனக்கு ஒரு வருடம் ஆனது. போன மாதம் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் துணி மடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, எழுதட்டுமா என்று கேட்டேன். கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவள் ஒரு சட்டையை மடித்தாள், இன்னொன்றை எடுத்தாள். பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசாமலிருப்பதற்கு இந்தத் தடவை நான் எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ளவில்லை.

"எழுதிக்கோ, லாத்தா" என்றாள் கடைசியில். "பேர் மட்டும் போடாத. அப்புறம் உன்னை மாதிரி ஆளுங்க வந்து ஆளுக்கொரு பேர் வெச்சுடுவீங்க."